ஆறாம் ஆண்டின் கணக்கு

முனைவர் பட்டம் என்றால் மூன்றாண்டுப் படிப்பு என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, மூன்றாண்டு என்பது குறைந்தபட்சக் காலம், ஆறாண்டு அதிகபட்சம். மறுபதிவு செய்தால் மேலும் இரண்டாண்டு கிடைக்கும். ஆய்வேட்டை நிறைவு செய்யும் தறுவாயில் ஆறாம் ஆண்டில் இருக்கும் நான், இத்தனை ஆண்டுகள் ஏன் தேவைப்படுகின்றன என்பதை விளக்குவது கடமை எனக் கருதுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஏரிப் பாசனம் என் ஆய்வுப் பொருள். ஏரிகள் ஏன் சீரழிந்தன என்பதே தொடக்கத்தில் என் கேள்வி. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியக் கோப்புகளைப் படிக்கப் படிக்க அக்கேள்வி குறுகியது. மதகைத் திறக்கும் உரிமை யாரிடம் இருந்தது? கரையைச் செப்பனிடும் பொறுப்பு யாருடையது? அதிகாரிகள் ஆங்கிலத்தில் எழுதியதற்கும் ஊரார் தமிழில் அளித்த மனுக்களுக்கும் இடையே என்ன வேறுபாடு? பரந்த கேள்வியை விடை காணக்கூடிய கேள்வியாகச் சுருக்குவதற்கே இரண்டாண்டுகள் கழிந்தன. அது வீண்காலம் அன்று. ஆய்வுப் பயிற்சி என்பதே அதுதான்.

இனி, பணத்தின் கணக்கு. இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்கு, 2023 ஜனவரி முதல், முதல் இரண்டாண்டுகளுக்கு மாதம் ரூ.37,000, அடுத்த மூன்றாண்டுகளுக்கு ரூ.42,000 என நிர்ணயிக்கப்பட்டுள்ளது. மொத்தம் ஐந்தாண்டுகள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் இந்த உதவித்தொகை கிடைக்காத ஆய்வாளர்கள் பலர் பெறுவது மாதம் ரூ.8,000 மட்டுமே. அதுவும் இல்லாமல் ஆய்வு செய்வோர் ஏராளம்.

ஆக, படிக்க ஆறாண்டு அனுமதி, உதவித்தொகையோ ஐந்தாண்டு. திரட்டியவற்றையெல்லாம் வாதமாகக் கோத்து எழுதவேண்டிய ஆண்டில் வருமானம் நின்றுபோகிறது. எனக்கும் அவ்வாறே நின்றது. இப்போது வாரத்தில் நான்கு நாள்கள் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். எஞ்சிய மூன்று நாள்களே ஆய்வேட்டுக்கு. என்னுடன் சேர்ந்தவர்களில் சிலர் போட்டித் தேர்வுகளுக்குச் சென்றுவிட்டனர். அவர்கள் திரட்டிய தரவுகள் குறிப்பேடுகளிலேயே உறங்குகின்றன. குடும்பத்தின் துணை உள்ளவர் எழுதி முடிக்கிறார், இல்லாதவர் விலகுகிறார். குடும்பத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளே இதில் பெரிதும் பாதிக்கப்படுகிறார்கள்.

உயர்கல்வி குறித்த அகில இந்திய ஆய்வறிக்கையின்படி, 2014-15-இல் 1.17 லட்சமாக இருந்த முனைவர் பட்ட மாணவர் எண்ணிக்கை, 2021-22-இல் 2.12 லட்சமாக உயர்ந்தது. சேர்க்கை பெருகுவது மகிழ்ச்சியே. ஆனால், சேர்ந்தவர்கள் முடிக்கவும் வழி வேண்டும்.

தீர்வு கடினமானது அன்று. ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழு மாணவரின் முன்னேற்றத்தை மதிப்பிடவேண்டும் என்பது இப்போதே விதி. எழுத்துப் பணி நடைபெறுகிறது என்று அக்குழு சான்றளித்தால், ஆறாம் ஆண்டுக்கும் உதவித்தொகையை நீட்டிக்கலாம். சமர்ப்பித்த ஆய்வேட்டை ஆறு மாதங்களுக்குள் மதிப்பிட்டு முடிக்கவேண்டும் என மானியக் குழு காலவரையறை வகுத்துள்ளது. அந்த அக்கறை, ஆய்வேடு எழுதப்படும் காலத்துக்கும் நீளவேண்டும்.

ஐந்தாண்டுகள் அரசு செலவிட்ட ஓர் ஆய்வு, ஓராண்டுத் தொகையின்றி முடங்குமானால் அது மாணவருக்கு மட்டும் நேரும் இழப்பன்று. அதில் பொதுப்பணமும் சேர்ந்தே வீணாகிறது.