படிக்காமல் ஒப்பமிடும் பத்திரம்

திருகோணமலையில் ஓர் ஒப்பந்தத்தின் வாசகங்கள் எவ்வளவு கவனமாக அலசப்படும் என்பதற்கு எண்ணெய்க் குதங்களே சாட்சி. சீனன்குடாவில் பிரித்தானியர் விட்டுச்சென்ற அக்குதங்கள் குறித்து 2022 ஜனவரியில் உடன்படிக்கை கைச்சாத்தானது. லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61 என்ற பங்கீடும் 50 வருடக் குத்தகைக் காலமும் நாடாளுமன்றம் முதல் தேநீர்க்கடை வரை விவாதிக்கப்பட்டன. ஆனால் அதே வீடுகளில், பிள்ளையின் படிப்புக்கென இலவசச் செயலியொன்றைக் கைத்தொலைபேசியில் இறக்கும்போது திரையில் தோன்றும் நிபந்தனைகளை எவரும் வாசிப்பதில்லை. 'ஏற்கிறேன்' என்ற இடத்தைத் தொட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். நாமும் அதற்கு விதிவிலக்கல்லர்.

இந்தப் பழக்கம் எவ்வாறு வந்தது என்பது அனைவரும் அறிந்ததே. 2020 மார்ச்சில் கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, புல்மோட்டையிலிருந்து வெருகல் வரை ஆசிரியர்கள் கைக்குக் கிடைத்தவற்றைக் கொண்டு கற்பித்தார்கள். வட்ஸ்அப் குழு, சூம், கூகுள் கிளாஸ்றூம் என்பனவே வகுப்பறைகளாயின. தமது சொந்தப் பணத்தில் டேட்டா போட்டுப் பாடம் நடத்திய ஆசிரியர்களை எவரும் குறைகூற முடியாது. எனினும் நெருக்கடிக்காக ஏற்பட்ட அந்த ஏற்பாடு நெருக்கடி தீர்ந்த பின்னரும் நீடிக்கின்றது என்பதே நாம் இங்கு கவனத்திற்கெடுக்கும் விடயமாகும்.

இந்நிபந்தனைகளில் பெற்றோர் அவசியம் அறிய வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. கூகுள் நிறுவனம் பாடசாலைகளுக்கென வழங்கும் இலவசக் கல்விக் கணக்கு வேறு. எவரும் தாமே திறந்துகொள்ளும் சாதாரண ஜிமெயில் கணக்கு வேறு. முன்னையதைப் பாடசாலையே நிர்வகிக்கிறது. அதன் அடிப்படைச் சேவைகளில் விளம்பரம் இல்லையென நிறுவனம் உறுதியளித்துள்ளது. பின்னையது பொதுமக்களுக்கான நிபந்தனைகளுக்கு உட்பட்டது. பெற்றோரின் சொந்தக் கணக்கின் வழியே பிள்ளை வகுப்பில் சேரும்போது அது இரண்டாவது வகையிலேயே அடங்குகிறது. கிளாஸ்றூம் என்ற பெயர் ஒன்றாக இருப்பதால் பாதுகாப்பும் ஒன்றென எண்ணிவிடுகிறோம். வட்ஸ்அப் குழுவிலோ சிக்கல் இன்னும் எளிமையானது. குழுவிலுள்ள ஒவ்வொருவரின் தொலைபேசி இலக்கமும் மற்றெல்லோருக்கும் தெரியும். பத்தாம் வகுப்பு மாணவியின் இலக்கம் எவரெவர் கையில் இருக்கிறது என்பதை அவளது தாய் அறியமாட்டாள்.

அமெரிக்காவில் 'எட்மோடோ' என்ற இலவச வகுப்பறைத் தளம் பல கோடி மாணவர்களைச் சேர்த்திருந்தது. 2017 இல் அதன் தரவுத்தளம் ஊடுருவப்பட்டு ஏறத்தாழ 7 கோடி 70 இலட்சம் கணக்குகளின் விபரங்கள் களவாடப்பட்டன. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் விபரங்களைப் பெற்றோரின் முறையான சம்மதமின்றிச் சேகரித்து விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதாக அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2023 மே மாதத்தில் 60 இலட்சம் டொலர் அபராதம் விதிக்கப்பட்டது. நிறுவனம் 2022 இலேயே மூடப்பட்டுச் செலுத்த வழியற்றுப் போனதால் அத்தொகை இடைநிறுத்தி வைக்கப்பட்டது. நம் ஆசிரியர்கள் ஊன்றி நோக்க வேண்டியது அபராதத்தை அல்ல. பெற்றோரின் சம்மதத்தைப் பெறும் பொறுப்பு முழுவதையும் எட்மோடோ தனது நிபந்தனைகளினூடாகப் பாடசாலைகள் மீதும் ஆசிரியர்கள் மீதும் சுமத்தியிருந்தது. ஒரு விரல் தொடுகையில் தாம் எதற்குப் பொறுப்பேற்றோம் என்பது அந்த ஆசிரியர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

டென்மார்க்கின் ஹெல்சிங்கோர் நம்முடையதைப் போன்றே ஒரு துறைமுக நகரம். ஷேக்ஸ்பியரின் 'ஹம்லெட்' நிகழும் கோட்டை அங்குள்ளது. அந்நகரப் பாடசாலையொன்று தமது மகனுக்குக் கேளாமலே யூரியூப் கணக்குத் திறந்துவிட்டதாக ஒரு தந்தை முறையிட்டார். அதிலிருந்து தொடங்கிய விசாரணையின் முடிவில், 2022 ஜூலையில் அந்நகரசபைப் பாடசாலைகளில் கூகுளின் கல்விச் சேவைகளுக்கும் குரோம்புக் கணினிகளுக்கும் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை தடைவிதித்தது. அத்தடை பின்னர் தளர்த்தப்பட்டபோதிலும், 2024 ஜனவரியில் 53 நகரசபைகள் மாணவர் தரவுகளைக் கையாளும் முறையைச் சட்டத்துக்கு அமைவாக மாற்ற வேண்டுமென உத்தரவிடப்பட்டது.

அரசாங்கமே நடத்தும் செயலி என்றால் அச்சமில்லை எனக் கருதுவதும் பொருந்தாது. தமிழ்நாட்டிலும் பயன்பாட்டிலுள்ள இந்திய மத்திய அரசின் 'தீக்ஷா' தளத்தின் ஆசிரியர், மாணவர் விபரங்கள் பாதுகாப்பற்ற சேமிப்பகமொன்றில் திறந்து கிடந்ததாக 2023 ஜனவரியில் தெரியவந்தது.

நமது நாட்டிலும் சட்டம் உண்டு. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புச் சட்டம் 16 வயதுக்குக் குறைந்தோரைப் பிள்ளைகள் என வரையறுத்து, அவர்களது தரவுகளை விசேட வகையில் சேர்க்கின்றது. பிள்ளையின் சம்மதமென்பது பெற்றோரின் அல்லது பாதுகாவலரின் சம்மதமே என்கிறது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18 ஆம் திகதி நடைமுறைக்கு வரவிருந்த வேளையில் அத்திகதி பின்போடப்பட்டது. அதே ஆண்டில் திருத்தச் சட்டமும் வந்தது. சட்டம் தாமதிக்கலாம். பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குச் செல்வது தாமதிப்பதில்லை.

இம்மாவட்டத்தில் பெயர்ப்பட்டியலென்பது வெறும் காகிதமாக என்றுமே இருந்ததில்லை. யுத்த காலத்தில் வீட்டில் தங்கியிருப்போரின் விபரங்களைப் பதிந்து கொடுக்கும்போது, யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று யோசித்தே எழுதியவர்கள் நம் மக்கள். இன்றைய பெற்றோர் பலர் அவ்வீடுகளில் வளர்ந்தவர்கள். அவர்களே தம் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, முகம், குரல், புள்ளிகள் ஆகிய அனைத்தையும் தயக்கமின்றிக் கையளிப்பதற்குக் காரணம், கேட்பது பாடசாலை என்பதேயாகும்.

ஆகவே முதற்பொறுப்பு பாடசாலையினுடையது. மாகாணக் கல்வித் திணைக்களம் இந்நகரிலேயே இயங்குகின்றது. வகுப்பறைகளில் எந்தச் செயலிகளைப் பயன்படுத்தலாம், எந்த விபரங்களைக் கோரக்கூடாது என அது ஒரு சுற்றறிக்கை மூலம் அதிபர்களுக்கு அறிவிக்கலாம். தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்ட சம்மதப் படிவமொன்றைப் பெற்றோருக்கு அனுப்பலாம். சொந்தக் கணக்குகளை விடுத்து, பாடசாலை நிர்வகிக்கும் கணக்குகளுக்கு மாற ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்கலாம். சம்மதம் தர மறுக்கும் பெற்றோரின் பிள்ளைக்கு அதே பாடத்தைத் தாளில் கொடுக்கும் வழியும் இருத்தல் வேண்டும். இல்லையேல் அது சம்மதமாகாது. 2020 இல் தொடங்கிய குழுக்களும் கணக்குகளும் எங்கெங்கு இன்னும் திறந்து கிடக்கின்றன என்பதை ஒவ்வொரு அதிபரும் அடுத்த தவணைக்கு முன்னரே பார்த்துவிடலாம். அவற்றை மூடுவதற்கு எந்தச் சட்டப் பிரிவுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.