மேடில்லாத ஊரில் மலைப் பந்தயப் பயிற்சி

கொல்கத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 9 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நகரத்தின் தெற்கே டாக்குரியாவில் மேடு என்று காட்டுவதற்கு இருப்பது, தண்டவாளத்தைத் தாண்டிப் போகும் பாலம் ஒன்றுதான். சைக்கிளில் ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்குவதற்குள் இறக்கம் வந்துவிடும். அங்கே இருந்துகொண்டு, சிம்லாவை மையமாக வைத்து 2005-இல் தொடங்கிய எம்.டி.பி. ஹிமாலயா போன்ற பல நாள் மலை சைக்கிள் பந்தயத்துக்குத் தயாராக முடியுமா? முடியும். பயிற்சியின் பெரும்பகுதிக்கு மலையே வேண்டாம்.

மலையேறும்போது கால் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஓட்டுபவர், சைக்கிள், தண்ணீர் எல்லாம் சேர்த்து 80 கிலோ. பத்து மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் மண்பாதையில் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஏறினால், புவியீர்ப்பை வெல்ல மட்டும் ஏறத்தாழ 130 வாட் வேண்டும். டயர் மண்ணில் உரசுவதையும் சேர்த்தால் 150 வாட்டைத் தாண்டும். அதே மனிதர் தட்டையான தார்ச்சாலையில் அகலமான டயரோடு மணிக்கு 24, 25 கி.மீ. வேகத்தில் போனாலும் கிட்டத்தட்ட அதே 150 வாட்தான். மலையில் எடை இழுக்கிறது, சமவெளியில் காற்று தடுக்கிறது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இந்த வித்தியாசம் தெரியாது. காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரட்டித்தால் எட்டு மடங்கு. கொல்கத்தாவிலிருந்து சுந்தரவனப் பக்கம் போகும் பாசந்தி நெடுஞ்சாலையில் எதிர்காற்று வீசும் நாளில் ஓட்டுபவருக்கு மலை அங்கேயே இருக்கிறது.

தசைக்கு மட்டும் ஒரு வித்தியாசம் தெரியும். தட்டைச் சாலையில் சைக்கிளுக்கு ஓடும் வேகம் இருக்கிறது. பெடல் மேலும் கீழும் திரும்பும் இடத்தில் கால் சற்றே ஓய்ந்தாலும் சக்கரம் உருண்டுகொண்டிருக்கும். ஏற்றத்தில் அந்தச் சலுகை கிடையாது. ஒரு கணம் அழுத்தம் குறைந்தாலும் வண்டி நின்றுவிடப் பார்க்கும். அதனால் வாரத்தில் ஒருநாள், எதிர்காற்றில் கனமான கியரைப் போட்டு, நிமிடத்துக்கு 55, 60 சுற்று என்று மெதுவாக, இருக்கையை விட்டு எழாமல் பத்துப் பத்து நிமிடம் மிதிக்க வேண்டும். முழங்கால் வலித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட வேண்டும். பாலத்தில் இருபது முறை ஏறி இறங்குவதைவிட இது பல மடங்கு பயன் தரும். ஏற்றம் ஒரு நிமிடத்தில் முடிந்துபோனால் உடல் அதற்குப் பழகாது.

மீதி நாட்களில் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். புதிதாக வருபவர்கள் நம்ப மறுக்கும் இடம் இதுதான். உலகத்தர நெடுந்தூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களுடைய பயிற்சியில் ஐந்தில் நான்கு பங்கு இலகுவான வேகத்தில்தான் நடக்கிறது என்று காட்டினார். பக்கத்தில் ஓட்டுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம் அது. இப்படி மணிக்கணக்காக ஓட்டும்போது தசைக்குள் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, எரிபொருளை ஆற்றலாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுகின்றன, உடல் கொழுப்பை எரிக்கப் பழகுகிறது. பந்தயத்தின் நான்காம் நாள் ஆறாவது மணி நேரத்தில் கைகொடுப்பது இந்த வளர்ச்சிதான். மாதங்கள் பிடிக்கும், குறுக்குவழி இல்லை. பல நாள் பந்தயம் என்பதால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடுத்தடுத்து நீண்ட தூரம் ஓட்டுவது அவசியம். களைத்த காலோடு மறுநாள் காலை மீண்டும் ஏறி உட்காரத் தெரிய வேண்டும்.

இதற்கு இடம் கிடைப்பதுதான் நகரத்தில் பாடு. 2013-இல் கொல்கத்தா போலீஸ் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டது. பின்னர் எண்ணிக்கை குறைந்தது. ஏழைகள் பிழைப்புக்கு மிதிக்கும் வாகனத்தைச் சாலையை அடைப்பதாகப் பார்த்த முடிவு அது, எனக்கு இன்றும் ஏற்புடையதாக இல்லை. விடியற்காலையில் கிளம்பினால்தான் டாக்குரியா ஏரியை ஒட்டிய சதர்ன் அவென்யூ காலியாகக் கிடைக்கும். 1920-களில் வெட்டப்பட்டு 1958-இல் ரவீந்திர சரோவர் என்று பெயர் மாறிய ஏரி அது. அந்த நேரத்தில் துடுப்புப் படகுக் கழகத்தாரும் பயிற்சியில் இருப்பார்கள்.

ஊரின் புழுக்கத்தை எல்லோரும் சபிக்கிறார்கள். அதிலும் ஒரு நன்மை உண்டு. வெப்பத்தில் பத்துப் பதினைந்து நாள் உழைத்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது, வியர்வை முன்கூட்டியே சுரக்கிறது, அதில் உப்பும் குறைகிறது. 2010-இல் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வொன்றில், 40 டிகிரி வெப்பத்தில் பத்து நாள் பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களின் உச்ச ஆக்சிஜன் பயன்பாடு குளிரான சூழலிலும் 5 சதவீதம் கூடியிருந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் சூட்டைத் தாங்கும் திறன் வளர்வதில் சந்தேகமில்லை. ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப்போகும்; உடல் குளிராது. தலைசுற்றலோ குளிர்நடுக்கமோ வந்தால் உடனே நிழலுக்குப் போக வேண்டும்.

வயிற்றுக்கும் பயிற்சி தேவை. தசையிலும் ஈரலிலும் உடல் சேமித்து வைக்கும் கிளைகோஜன் மொத்தமே 400, 500 கிராம்தான். கடுமையாக மிதித்தால் இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் கால் மறுத்துவிடும், கண் மங்கும், மனம் விட்டுப்போகும். அதைத் தவிர்க்க மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பழக்கமில்லாத குடல் அதைத் தாங்காது. வாரக்கடைசி ஓட்டங்களில் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். விலையுயர்ந்த ஜெல் பாக்கெட் இல்லாமலே சமாளிக்கலாம். ஒரு வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. வெல்லம், எலுமிச்சை, உப்பு கரைத்த தண்ணீர் அருமையான பானம். வெல்லத்தின் சர்க்கரை உடைந்து தரும் குளுக்கோசும் ஃபிரக்டோசும் குடலில் தனித்தனி வழியாக உறிஞ்சப்படுவதால், இரண்டும் சேர்ந்தால் அதிக ஆற்றல் உள்ளே போகும். குளிர்காலத்தில் வங்காளத்தின் ஈச்சவெல்லம் கிடைக்கும். தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழும் லேக் மார்க்கெட் ஏரிக்குப் பக்கம்தான், இட்லிக்கும் குறைவில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, சமவெளி தர முடியாதவை இரண்டு: இறக்கமும் உயரமும்.

கல்லும் வேருமான பாதையில் இறங்குவது உடம்பால் கற்கும் வித்தை. பெடல்கள் தரைக்கு இணையாக, இருக்கையை விட்டு எழுந்து, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, குதிகாலைத் தாழ்த்தி நிற்க வேண்டும். பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல் பல மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். நிறுத்தும் வலிமை பெரும்பாலும் முன் பிரேக்கில்தான். அதை ஒரே விரலால் அளந்து அழுத்திப் பழக வேண்டும். இதற்கு புருலியாவின் அயோத்தியா மலைக்கு இரவு ரயில் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கும் இதே கதைதான்: கடற்கரைச் சாலையில் உடலைத் தயார்செய்து, எழுபது கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைக்குப் போகிறார்கள்.

உயரத்துக்கு வடவங்காளம். மானேபஞ்சாங்கிலிருந்து சந்தக்ஃபூவுக்கு 30 கி.மீ. சொச்சம், உச்சி 3,636 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் அதே விகிதத்தில் குறையும். புதிய சிவப்பணுக்கள் பெருக வாரங்கள் வேண்டும் என்பதால், இரண்டு நாள் பயணத்தில் உடல் மாறிவிடாது. தன் வேகம் எவ்வளவு குறையும், தலைவலி எந்த உயரத்தில் வரும், எவ்வளவு தண்ணீர் கேட்கும் என்பதை அறிந்து திரும்பலாம். பந்தயத்துக்குச் சில நாள் முன்பே மலைக்குப் போய்விடுவது நல்லது.

கடைசி இரண்டு வாரம் ஓட்டும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து, வாரத்தில் ஒருநாள் செய்யும் கடும்பயிற்சியை மட்டும் அப்படியே வைத்திருக்க வேண்டும். பயந்துபோய் அந்த வாரங்களில் கூடுதலாக ஓட்டுபவர்கள் களைப்போடு போய் நிற்கிறார்கள். ரயிலேறும் முன் பிரேக் பட்டைகளைப் புதிதாக மாற்றி, அவற்றோடு ஒரு நீண்ட ஓட்டமாவது ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.