கொழுப்பைத் தேக்கும் புரதம்

கிள்ளானிலோ பண்டமாரானிலோ இரத்தப் பரிசோதனை செய்துகொண்டவர் கையிலுள்ள தாளில், கொலஸ்ட்ராலுக்கு அருகே டிரைகிளிசரைடு என்றொரு பெயரும் காணப்படும். முன்னதைப் பற்றிப் பேசாதார் இல்லை. பின்னதைக் கவனிப்பார் சிலரே. வெறும் வயிற்றில் அது லிட்டருக்கு 1.7 மில்லிமோலைத் தாண்டினால் மிகுதி எனக் கொள்வர். அயல்நாடுகளில் குடியேறிய இந்தியரிடம் இம்மிகுதி அடிக்கடி காணப்படுகிறது.

டிரைகிளிசரைடு என்பது வேறொன்றுமன்று. எண்ணெயிலும் நெய்யிலும் தேங்காய்ப் பாலிலும் உள்ள கொழுப்பே அது. அளவுக்கு மிஞ்சி உண்ட சோற்றையும் சர்க்கரையையுங்கூடக் கல்லீரல் இக்கொழுப்பாக மாற்றிவிடுகிறது. (நாசி லெமாக்கை விட்டுவிட்டேன் என்று பெருமைப்படுவோர், தே தாரிக்கில் சேரும் இனிப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.) எண்ணெய் நீரில் கரையாதாகையால், புரதம் போர்த்த நுண்ணிய உருண்டைகளாகவே கொழுப்பு இரத்தத்தில் செல்கிறது. துறைமுகத்திலிருந்து புறப்படும் சரக்கு லாரிகளைப் போன்றவை இவ்வுருண்டைகள். தசைகளிலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவரில் லைப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்னும் என்ஸைம் காத்திருந்து சரக்கை இறக்குகிறது. மிச்சத்தைக் கல்லீரல் ஏற்றுக்கொள்கிறது.

இவ்விரண்டு வேலைகளையும் தாமதப்படுத்தும் புரதமொன்று அந்த லாரியிலேயே ஏறி வருகிறது! அப்போலிப்போபுரோட்டீன் சி-3 என்பது அதன் பெயர். 79 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. பெரும்பாலும் கல்லீரலில் உண்டாவது. அதை ஆக்கும் கட்டளை நமது 11-ஆம் குரோமோசோமில் ஒரு மரபணுவாக அமைந்திருக்கிறது. இப்புரதம் மிகுந்தால் கொழுப்பு இரத்தத்திலேயே தேங்கும். தேக்கம் மிகக் கடுமையானால் இரத்த நீர் பால்போல வெளுக்கும். கணையம் அழற்சியுறும் அபாயமும் உண்டு.

இப்புரதமே இல்லாத மனிதர் வாழ முடியுமா? முடியும் என்பதைப் பாகிஸ்தானில் ஒரு குடும்பம் காட்டியது. கணவன், மனைவி இருவரிடமும் இந்த மரபணுவின் இரு படிகளும் செயலற்றவை. ஆகவே அவர்களுடைய ஒன்பது பிள்ளைகளிடமும் அப்படியே. கொழுப்பு நிறைந்த உணவைக் கொடுத்துச் சோதித்தபோது, மற்றவர்களுக்கு ஏறுவதுபோல் இவர்களுக்கு டிரைகிளிசரைடு ஏறவில்லை. 2017-இல் இம்முடிவு வெளியாயிற்று. அதற்கு முன்பே, 2008-இல், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழும் ஆமிஷ் மக்களுள் ஏறத்தாழ 5 சதவீதத்தினரிடம் ஒரு படி பழுதுபட்டிருப்பது தெரியவந்தது; அவர்களுடைய இதயக் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு குறைவாக இருந்தது. பழுதும் சில சமயம் நன்மை செய்கிறது போலும்.

இதிலிருந்து பிறந்ததே கல்லீரலில் இப்புரதத்தின் உற்பத்தியைத் தடுக்கும் ஒலெசார்சென் என்ற ஊசி மருந்து. 2024 டிசம்பரில் அமெரிக்கா அதை அனுமதித்தது; ஆனால் பரம்பரையாக வரும் மிக அரிதான ஒரு நோய்க்கே அவ்வனுமதி.

நம்மவர் கதைக்கு வருவோம். 2010-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடல்நலமுள்ள 95 இந்திய ஆண்களைச் சோதித்தனர். இந்த மரபணுவில் இரண்டு குறிப்பிட்ட மாற்றங்களுள் ஒன்றேனும் உடையவர்களுக்கு இரத்தத்தில் சி-3 30 சதவீதமும், டிரைகிளிசரைடு 60 சதவீதமும் கூடுதலாக இருந்தன. அவர்களில் 38 சதவீதத்தினருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. மாற்றமில்லாதவர் ஒருவருக்கும் அது இல்லை. கேட்டால் தலைவிதி எழுதப்பட்டுவிட்டது போலத் தோன்றும். ஆனால் பிற இனத்தாரிடம் நடந்த பெரிய ஆய்வொன்றில் கல்லீரல் கொழுப்புக்கும் இம்மாற்றங்களுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆகவே 95 பேரை வைத்து ஓர் இனத்துக்கே தீர்ப்புக் கூறுவது சரியன்று.

மேலும், மரபணு எப்போதும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. இன்சுலின் சி-3 மரபணுவை அடக்கி வைக்கிறது. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை அதைத் தூண்டிவிடுகிறது. இனிப்புநீர் உள்ளவருக்குக் கொழுப்பும் சேர்ந்து ஏறுவதற்கு இது ஒரு காரணம். மலேசிய சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வயது வந்த இந்தியருள் 31.4 சதவீதத்தினருக்கு இனிப்புநீர் காணப்பட்டது. அவர்களுக்குத் தாளின் அந்த இரண்டு எண்களும் தனித்தனிக் கதைகள் அல்ல. சர்க்கரை கட்டுக்குள் வரும்போது பெரும்பாலும் டிரைகிளிசரைடும் இறங்குகிறது.