கியர் விழ அடம்பிடிக்கிறதா? ட்யூனிங் பெட்டிக்கு முன் கிளட்சைப் பாருங்கள்!

குச்சிக்கிழங்கைப் பிடுங்கிவிட்டால் அப்புறம் காத்திருக்க முடியாது. இரண்டு, மூன்று நாள்களிலேயே கிழங்கு உள்ளே நிறம் மாறத் தொடங்கும், மாவுச்சத்தும் குறையும். ஆலையில் ‘பாயிண்ட்’ பார்த்துத்தான் விலை. அதனால், கல்வராயன்மலையிலிருந்து சின்னசேலத்துக்கோ ஆத்தூருக்கோ லோடு ஏற்றி வரும் வண்டி பாதி மலையில் நின்றுவிட்டால், மெக்கானிக் செலவோடு கிழங்கின் விலையும் போய்விடும்.

வெள்ளிமலைப் பக்கத்து வாசகர் ஒருவர் நம்மிடம் கேட்டது இதுதான்: “என் பிக்கப் வண்டியில் கியர் இறுக்கமாக விழுகிறது. வெளிநாட்டு டிரக்குகளில் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டி, கியர் விழும் இறுக்கத்தையே கூட்டிக் குறைப்பதை செல்போன் வீடியோவில் பார்த்தேன். நம் வண்டிக்கும் அதைச் செய்யலாமா?”

அந்தப் பெட்டி செய்வது என்ன?

அமெரிக்க பிக்கப் டிரக்குகளில் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக் கியர்தான். கியர் பாக்ஸுக்குள் இருக்கும் கிளட்ச் தட்டுகளை ஆயில் அழுத்தம் நெருக்கிப் பிடிக்கும்போது கியர் மாறும். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வேகம் என்பதை வண்டியின் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. ட்யூனர் பெட்டி அந்தக் கணக்கைத்தான் மாற்றுகிறது. அழுத்தம் குறைந்தால் கியர் மெதுவாக வழுக்கி விழும். லோடு இருந்தால் தட்டுகள் தேய்ந்து ஆயில் சூடாகும். அழுத்தத்தைக் கூட்டினால் சட்டென்று பிடிக்கும். அளவு மீறினால் அந்த உதறல் புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஆக்ஸில் வரை போய் அடிக்கும்.

நம் ஊரில் லோடு இழுக்கும் வண்டிகளில் பெரும்பாலானவை கையால் கியர் போடுபவை. கியரின் இறுக்கத்தைத் தீர்மானிப்பவை கிளட்ச், கியர் கம்பி இணைப்புகள், கியர் ஆயில், ஓட்டுபவரின் கால். அந்தப் பெட்டிக்கு இங்கே வேலையே இல்லை.

நம் பக்கம் ‘ட்யூனிங்’, ‘ரீமேப்பிங்’ என்று செய்து தருவது வேறு. அது எஞ்சினுக்குப் போகும் டீசல் கணக்கை மாற்றி இழுவையைக் கூட்டுவது. கிளட்ச் பிளேட்டோ கம்பெனி கொடுத்த இழுவைக்குத்தான் அளவெடுத்தது. லோடோடு மேட்டில் ஏறும்போது அது வழுக்கிக் கருகும். வாரன்டிக்கும் சிக்கல் வரும். பதிவுச் சான்றில் உள்ள தயாரிப்பாளரின் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு.

கோளாறு எங்கே? நீங்களே பாருங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். எஞ்சினை அணைத்து, கிளட்சை மிதித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை முழுதாக மிதித்தபடியே அதையே செய்யுங்கள்.

* அணைத்திருக்கும்போது எளிது, ஓடும்போது கடினம்: கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. கேபிள் வண்டியில் கேபிள் தளர்ந்திருக்கலாம். ஆயில் கிளட்சில் ஆயில் குறைவா, கசிவா, காற்று புகுந்ததா என்று பார்க்க வேண்டும். ரிவர்ஸ் போடும்போது ‘கரகர’ என்று சத்தம் வருவதும் இதற்கு அடையாளம்.
* இரண்டு நிலையிலும் கடினம்: கியர் கம்பி இணைப்பு, கியர் ஆயில் அல்லது கியர் பாக்ஸின் உட்புறத்தில் கோளாறு.
* கியர் எளிதாக விழுகிறது; ஆனால், மேட்டில் எஞ்சின் இரைகிறது, வேகம் கூடவில்லை, கருகல் வாடை வருகிறது: கிளட்ச் வழுக்குகிறது. இந்த நிலையில் லோடு ஏற்றாதீர்கள்.

கியர் ஆயிலில் ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று நினைக்க வேண்டாம். ஜிஎல்-4 கேட்கும் கியர் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால், சில வகைகள் உள்ளே இருக்கும் பித்தளை சிங்க்ரோ ரிங்கைப் பாதிக்கும். கையேட்டில் போட்டிருக்கும் தரத்தையே கேட்டு வாங்குங்கள்.

மூங்கில்துறைப்பட்டுக்கும் கச்சிராயபாளையத்துக்கும் கரும்பு இழுக்கும் டிராக்டர்களில், கிளட்ச் பெடலைக் கையால் அமுக்கிப் பாருங்கள். அழுத்தம் தட்டும் முன் கொஞ்சம் சும்மா இறங்க வேண்டும். பல டிராக்டர்களில் இது ஏறத்தாழ ஓர் அங்குலம். சரியான அளவு உங்கள் கையேட்டில் இருக்கும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் கிளட்ச் பாதி மிதித்த நிலையிலேயே ஓடித் தேயும். பெடல் மேல் காலை வைத்தபடி ஓட்டுவதும் அதே கெடுதலைச் செய்யும்.

இறக்கத்தில் உயிரைக் காப்பது கியர்தான்

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கும்போது, டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் சிலருக்கு உண்டு. இப்போதைய காமன் ரெயில் டீசல் எஞ்சின்களில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை விட்டால் டீசல் ஊற்றே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓட டீசல் செலவாகும். மிச்சம் எதுவும் இல்லை. ஆபத்துதான் மிச்சம். மொத்த லோடையும் பிரேக் மட்டுமே தாங்கிச் சூடேறி, கடைசி வளைவில் பிடிக்காமல் போகும். சாவியை அணைத்தால் பிரேக்குக்கான துணை விசையும் போய்விடும்.

ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். டிராக்டர் என்றால், இரண்டு பிரேக் பெடல்களையும் கொக்கியால் இணைத்த பிறகே ரோட்டில் ஏறுங்கள்.

வாசகர் கேள்வி

*ஏஎம்டி வண்டியில் கியர் மாறும்போது குலுங்குகிறது. ட்யூனிங் உதவுமா?*

அதில் கிளட்சை இயக்குவது கம்ப்யூட்டர். பிளேட் தேய்ந்தாலோ புதிதாக மாற்றினாலோ, கிளட்ச் பிடிக்கும் இடத்தை அதற்கு மறுபடி பழக்க வேண்டும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் வைத்துச் செய்வார்கள். வெளியில் ட்யூனிங் வேண்டாம்.

*கிளட்ச் பிளேட்டை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது?*

கிலோமீட்டர் கணக்கு உதவாது. மலையில் ஓடும் வண்டிக்குச் சீக்கிரம் தேயும். மேலே சொன்ன சோதனையைக் கிழங்கு அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே செய்துவிடுங்கள். அறுவடை நேரத்தில் மெக்கானிக்கும் கிடைக்கமாட்டார், மாற்று வண்டியும் கிடைக்காது!