தாம்பரம் வட்டாரத்து ஏரிகளும் அவற்றைக் காக்கும் சட்டங்களும்

செங்கற்பட்டுச் சீமைக்கு ஏரி ஜில்லா என்று முன்னோர் இட்ட பெயர் காரணப் பெயரேயாகும். வடகிழக்குப் பருவமழை சில வாரங்களில் கொட்டித் தீர்க்கும் ஜலத்தை ஏரிகளில் தேக்கிவைத்தே இங்கு நஞ்சைப் பயிர் செய்யப்பட்டு வந்தது. இவ்வேரிகள் தனித்தனியே நிற்பவையல்ல. மேலேரி நிரம்பிக் கலங்கல் வழியே வழியும் நீர் கால்வாய் மூலம் கீழேரியைச் சேரும். சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகள் இவ்வாறு தொடுக்கப்பட்டவை. இவற்றின் மிகுநீர் நன்மங்கலம் முதலிய ஏரிகளின் வழியாய்ப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. மேற்கே ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பக்கத்து மிகுநீர் அடையாற்றில் விழுகிறது.

இந்நாளில் மேற்படி ஏரிகளின் ஆயக்கட்டு பெரும்பாலும் மனைகளாக மாறிவிட்டது. இதனைக் கண்ட சிலர், "பாசனமே இல்லாதபோது ஏரி எதற்கு, வாய்க்கால் எதற்கு?" என்று வினவுகின்றனர். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை இரண்டு வருஷங்கள் காட்டிவிட்டன.

2015ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி காலை முதல் மறுநாட் காலை வரை தாம்பரத்தில் பெய்த மழை 49 செண்டிமீட்டர். ஒரு ஏக்கர் நிலத்தின்மீது மட்டும் இம்மழை சற்றேறக்குறைய 20 லட்சம் லிட்டராகும். போகும் வழியடைபட்ட இந்நீர் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது. நான்கு ஆண்டு கழித்து, 2019ஆம் ஆண்டுக் கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் பெரிய ஏரிகள் வறண்டன. குடிநீருக்கே மக்கள் அல்லற்பட்டனர். அவ்வாண்டில் சிட்லப்பாக்கத்து வாசிகள் தாங்களே ஏரியில் இறங்கித் துப்புரவு செய்தனர்; அரசாங்கமும் அதனைச் சீர்திருத்த 25 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. ஆகவே, ஏரி கெட்டால் ஒரு வருஷம் வெள்ளமும் மற்றொரு வருஷம் வறட்சியும் உண்டாகும். அதற்கு வயலென்றும் வீடென்றும் பேதமில்லை.

சட்டங்கள் கூறுவது யாது?

பழைய சட்டம் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். புறம்போக்கைக் கைப்பற்றியவரை வெளியேற்றவும், அதிற் செய்த பயிரையும் எழுப்பிய கட்டிடத்தையும் பறிமுதல் செய்யவும் இதில் இடமுண்டு. பி மெமோப்படி தீர்வையும் அபராதமும் செலுத்தி வந்தால் காலக்கிரமத்தில் நிலம் தமக்கே சொந்தமாகிவிடும் என்று குடிகள் பலர் நம்புகின்றனர். அந்த ரசீது ஆக்கிரமிப்புக்குச் சாட்சியேயன்றிப் பாத்தியதைக்குச் சாட்சியன்று.

அடுத்தது 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம். பொதுப்பணித் துறையின் பொறுப்பிலிருந்த ஏரிகளுக்காக இது இயற்றப்பட்டது. 2021 முதல் அவ்வேரிகளை நீர்வளத் துறை கவனித்து வருகிறது. இதன்படி ஏரியை அளந்து, படமும் பதிவேடும் தயாரித்து, எல்லைக்கல் நாட்டி, விளம்பரம் செய்தல் வேண்டும். எல்லைக்குள் இருப்பவருக்கு முதலில் நோட்டீஸும், விலகாவிடில் வெளியேற்றமும் உண்டு. ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் குறைந்த சிற்றேரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருப்பவை. அவற்றிற்கு முற்கூறிய 1905ஆம் ஆண்டுச் சட்டமே துணை.

மூன்றாவது, மனைகளைப் பற்றியது. 2016 அக்டோபர் 20 முதல், அனுமதி பெறாத மனைகளைப் பதிவு செய்யப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தடை செய்கிறது. முன்னரே மனையாகப் பதிவானவற்றுக்கு மட்டும் விலக்குண்டு. அத்தேதிக்கு முன் விற்பனையான மனைகளை வரன்முறை செய்ய 2017ஆம் ஆண்டில் விதிகள் வகுக்கப்பட்டன. ஆயினும் ஏரி, வாய்க்கால் முதலிய நீர்நிலைகளில் அமைந்த மனைக்கு அச்சலுகை இல்லை. வாய்க்காலைத் தூர்த்து மனை பிரித்தால், வாங்குவோரின் வாழ்நாட் சேமிப்பு வீணாகும். விற்றவர் நியாயஸ்தலத்தின் படியேற நேரிடும்.

யாவற்றினும் புதியது 2023ஆம் ஆண்டின் நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாததும் தன்னுள்ளே நீர்வழி அடங்கியதுமான பெரிய திட்டப் பகுதிகளுக்கு இது உரியது. ஒருங்கிணைப்புத் திட்டத்தை நிபுணர் குழு பரிசீலிப்பதும் உள்ளூராரின் கருத்தைக் கேட்பதும் இதில் விதிக்கப்பட்டுள்ளன. அவ்வேளையில் ஊரார் காட்டக்கூடிய ஆதாரம் கிராமக் கணக்கே. கணக்கில் இல்லாத வாய்க்காலுக்காக எவரும் வாதாடுதல் அரிது.

சபைகளிற் பேசுதல்

2021ஆம் ஆண்டில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் கூடித் தாம்பரம் மாநகராட்சி ஆயின. நகரத்தார் கூடிப் பேசுவதற்கென 2022ஆம் ஆண்டு விதிகள் பகுதி சபையை ஏற்படுத்தின. அவ்வாண்டு நவம்பர் 1ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று, இம்மாநகராட்சியைச் சேர்ந்த பம்மலில் கூடிய பகுதி சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். கிராம சபைக் கூட்டங்களும் அவ்வாண்டில் நான்கிலிருந்து ஆறாக உயர்த்தப்பட்டன. புதிதாகச் சேர்ந்த இரு நாட்களில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். கோடைக்கு முன் ஏரி விஷயத்தை எடுத்துரைக்க இதனினும் தகுந்த நாள் வேறில்லை.

நிலமுடையோர் செய்யவேண்டுவன

1. தத்தம் பட்டா நிலத்தின் புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டின் நகலையும் பெற்று, வயலை ஒட்டிய வாய்க்காலின் அகலம் தரையிலும் அவ்வாறே உள்ளதா என்று பார்த்தல் வேண்டும். இவை வருவாய்த் துறையின் இணையதளத்திலும் கிடைக்கின்றன. ஐயமிருப்பின் சர்வேயரைக் கொண்டு அளந்து கல் நாட்டுவித்தல் நலம்.

2. வருஷத்திற்கு ஒரு முழமாக வரப்பை வாய்க்காலுக்குள் தள்ளும் வழக்கத்தையும், நீர் வற்றிய ஏரி உள்வாயிற் பயிரிடும் வழக்கத்தையும் அறவே விட்டொழிக்க வேண்டும். பெரிய ஆக்கிரமிப்புகள் யாவும் இச்சிறு வரப்பிலிருந்தே தொடங்குகின்றன.

3. நிலத்தை விற்கையில் பத்திரத்தின் செக்குபந்தியில் வாய்க்காலையும் அதன் சர்வே எண்ணையும் தவறாது குறித்தல் வேண்டும். வாங்குபவர் பின்னர் அறியாமை கூற இடமிராது.

4. புரட்டாசி முடிவதற்குள் கலங்கல், மதகு, வரத்துக் கால்வாய் ஆகியவற்றைச் சுற்றிப் பார்த்து, அடைப்பு இருப்பின் எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். வாய்மொழிக்குக் கணக்கில்லை.

கிராம அதிகாரிகளுக்கு

1980ஆம் ஆண்டில் முன்சீப், கர்ணம் பதவிகள் ஒழிந்து, அவர்களது கணக்குகள் கிராம நிர்வாக அலுவலரின் கைக்கு வந்தன. எந்தத் தலைக்கட்டு எந்த வாய்க்காலிற் பாய்ச்சிற்று என்ற பழைய ஞாபகம் கணக்கோடு கூட வரவில்லை. அது ஊர்ப் பெரியோரிடமே உள்ளது. அவர்களை அழைத்துக்கொண்டு, அடங்கலுடனும் வரைபடத்துடனும் வருஷத்திற்கு ஒருமுறையேனும் ஏரியைச் சுற்றி வருதல் அலுவலரின் கடமை. கண்ட ஆக்கிரமிப்பை அஸ்திவாரம் தோண்டும்போதே பதிவு செய்தால் ஒரு நோட்டீஸோடு காரியம் முடியும். மாடி எழும்பிக் குடும்பங்கள் குடியேறிய பின்னரோ, ஏழைகளின் கண்ணீரும் பல்லாண்டு வழக்கும் மிஞ்சும். பசலி முடிவில் தாலுகாக் கச்சேரியில் நடைபெறும் ஜமாபந்தியில் இவ்விவரங்களைச் சமர்ப்பித்தல் பெரும் பிரயோஜனம் தரும்.

சட்டம் எத்தனை வந்தாலும் அது தானே நடந்து சென்று ஏரிக்கரையைக் காவல் புரியாது. அளந்த கல்லும், எழுதிய கணக்கும், சபையில் எழுந்து பேசும் ஊராருமே அதன் கைகால்கள். அடுத்த ஐப்பசி மழைக்குமுன் ஒவ்வொருவரும் தத்தம் வயலோரத்து வாய்க்காலை ஒருமுறை நடந்து பார்ப்பாராக.