முதல் பையின் எடைக் கணக்கு

மதுரை தல்லாகுளத்திலிருந்து திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநி சுமார் 120 கி.மீ. நாளுக்கு 30 கி.மீ. வீதம் நடந்தால் 4 நாள். ஒரு எட்டு 70 செ.மீ. என்று கொண்டால் 1,20,000 மீட்டருக்கு ஏறத்தாழ 1,71,000 எட்டுகள். பையில் கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு 100 கிராமும் அத்தனை எட்டுக்கும் கூடவே வருகிறது. பை வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர்?" என்பது. தோளுக்கு லிட்டர் தெரியாது, கிலோதான் தெரியும். எனவே பையைப் பிறகு பார்க்கலாம் என்று, உள்ளே போகவேண்டியதை முதலில் வீட்டுத் தராசில் நிறுத்தேன்.

தைப்பூச நடைக்கான பட்டியல்: மாற்றுடை 2 செட் 900 கிராம், போர்வை 550, ஈரிழைத் துண்டு 130, டார்ச்சும் சார்ஜரும் பவர் பேங்கும் 400, சோப்பு, மருந்து முதலியன 300. கூட்டினால் 2,280 கிராம். 1 லிட்டர் தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டிலோடு 1,030. ஆக 3,310 கிராம். வழிநெடுக அன்னதானம் உண்டு என்பதால் உணவுக்கு 0. இரண்டே மாற்றங்கள் செய்து பார்த்தேன். ஈரிழைத் துண்டுக்குப் பதில் டர்க்கி டவல் வைத்தால் 480 கிராம். பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் பதில் எவர்சில்வர் பாட்டில் வைத்தால் 30 கிராம் இருந்த இடத்தில் 350. இரண்டும் சேர்ந்து 670 கிராம் ஏறிவிட்டது. டர்க்கி டவல் காயவும் நேரமாகும். அதைத் தராசு காட்டாது.

இந்த 3,310 கிராமை 450 கிராம் எடையுள்ள 20 லிட்டர் சாதாரணப் பையில் கட்டினால் மொத்தம் 3.76 கிலோ. அதில் பையின் பங்கு 12%. அதே பொருள்களைச் சட்டமும் இடுப்புப் பட்டையும் உள்ள 60 லிட்டர் மலையேற்றப் பையில் கட்டுவோம். இவ்வகைப் பைகள் வெறுமையாகவே 2 கிலோ அளவில் இருக்கும். மொத்தம் 5.31 கிலோ, பையின் பங்கு 38%. சுமக்கும் ஐந்து பங்கில் ஏறக்குறைய இரண்டு பங்கு பைதான். தவிர, 60 லிட்டரில் பாதிக்கு மேல் காலியாக இருந்தால் எந்த வீட்டிலும் அது காலியாக விடப்படுவதில்லை. முறுக்கு டின் ஒன்று எப்படியும் உள்ளே வந்துவிடும்.

3.76 கிலோ அதிகமா, குறைவா? மத்திய அரசு 2018-இல் வகுத்த பள்ளிப்பை வரம்பின்படி 10-ஆம் வகுப்பு மாணவர் அப்போது 5 கிலோ வரை சுமக்கலாம் என்றிருந்தது. 6, 7-ஆம் வகுப்புக்கு 4 கிலோ. 4 நாள் பழநிப் பை அந்த 6-ஆம் வகுப்பு வரம்பைவிட இலேசு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது உடல் எடையில் 6.3%. மலையேறுவோர் பரவலாகக் கைக்கொள்ளும் மேல்வரம்பு 20%, அதாவது 12 கிலோ. நேபாளச் சுமைதூக்குவோர் குறித்து 2005-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வில் ஆண்களின் சராசரிச் சுமை உடல் எடையில் 93%, பெண்களுடையது 66%. அது பிழைப்புக்கான சுமை, சிறுவயது முதல் பழகியது. கடையில் பை தேர்ந்தெடுப்பவர் அதை அளவுகோலாகக் கொள்ள முடியாது.

இடுப்புப் பட்டைக்குத் தனிக் கணக்கு தேவை. விற்பவர்கள் "எடை முழுக்க இடுப்புக்குப் போய்விடும்" என்பார்கள். லாஃபியாண்ட்ரா, ஹார்மன் என்ற இரு ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட அளவீட்டில், சட்டமும் பட்டையும் உள்ள பையிலிருந்து கீழ்முதுகு, இடுப்புப் பகுதிக்கு இறங்கியது செங்குத்துச் சுமையில் சுமார் 30%. மீதி 70% தோளிலும் மேல்முதுகிலுமே நின்றது. 8.5 கிலோ பையில் 30% என்பது 2.55 கிலோ, அது கணிசம். 3.76 கிலோ பையில் 1.13 கிலோ மட்டும். அந்தச் சிறு நிவாரணத்துக்காகப் பட்டை, சட்டம் என்று ஒரு கிலோவுக்கு மேல் சேர்த்துச் சுமப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

காலடிக் கணக்கு இதைவிடப் பெரிது. 1969-இல் சோல், கோல்ட்மன் இருவரும் எடைகளைத் தலையிலும் கையிலும் காலிலும் ஏற்றி, செலவாகும் ஆற்றலை அளந்தார்கள். உடலின் சொந்த எடையைக் கிலோவுக்குக் கிலோ கொண்டு செல்லும் செலவை 1 என்று வைத்தால், தலைச்சுமைக்கு 1.2. காலில் கட்டிய சுமைக்கு 4-க்கு மேல், வேகத்தைப் பொறுத்து சுமார் 6 வரை. சும்மாடு வைத்துத் தலையில் சுமந்தவர்கள் கணக்குத் தெரியாமல் அப்படிச் செய்யவில்லை என்று தோன்றுகிறது. ஒரு ஜோடி மலையேற்றக் காலணி 1 கிலோ என்று கொண்டால், 4 மடங்கு என்ற கீழ்வரம்பிலேயே அது முதுகில் 4 கிலோவுக்கு ஈடு. பழநிக்குப் போகிறவர்களில் பலர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். அவர்கள் மிச்சப்படுத்துவது 3.76 கிலோ பை முழுவதையும்விட அதிகம். முள்ளும் தார்ச்சாலைச் சூடும் இந்தக் கணக்கில் சேரவில்லை. பையில் 200 கிராம் குறைக்க ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர், அதற்கு முன் செருப்பை நிறுத்துப் பார்ப்பது நல்லது.

தோளில் சுமந்து நடப்பது தல்லாகுளத்துக்குப் புதிதல்ல. சித்திரைத் திருவிழாவில் அழகர்கோவிலிலிருந்து மதுரைக்கு 21 கி.மீ. வரும் கள்ளழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை இங்கேயும் நடக்கிறது. தண்ணீர் பீய்ச்சும் அடியார்கள் ஆட்டுத்தோல் பையை ஒரு தோளில் மாட்டிக்கொள்கிறார்கள். பையில் 5 லிட்டர் இருந்தால் ஒரே தோளில் 5 கிலோ. ஆனால் பீய்ச்சப் பீய்ச்சக் குறையும் சுமை அது. நடைப்பயணப் பையிலும் அப்படிக் குறையக்கூடியவை தண்ணீரும் உணவும் மட்டும்தான். அழகரின் உண்டியல்களோ வண்டியில் வருகின்றன.

பழநியோடு நிற்காமல் மலைக்கும் போக வேண்டும் என்பவருக்குக் கணக்கு மாறும். மதுரை கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 130 மீட்டர், கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டர். 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி செல்சியஸ் வீதம் 2,000 மீட்டருக்கு 13 டிகிரி குறையும். ஜனவரி இரவில் மதுரையில் 21 டிகிரி என்றால் மேலே 8 டிகிரி. 550 கிராம் போர்வை அங்கே போதாது. ஆனால் தமிழ்நாட்டு மலைகளில் கூடாரம் அடித்துப் பல இரவு தங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணியில் பற்றிய காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோன பிறகு மலையேற்ற விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் மாநில அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் உள்ளன; அவற்றில் பெரும்பாலானவை ஒரே நாளில் ஏறி இறங்குபவை. அவற்றுக்கும் 20 லிட்டரே போதும்.

மிஞ்சுவது இமயமலை. கூடாரமும் படுக்கைப்பையும் சாப்பாடும் ஏற்பாட்டாளர் தரும் 6 நாள் பயணத்துக்கு என் கணக்கு இது: குளிருடையும் இதர பொருள்களும் 5.2 கிலோ, 2 லிட்டர் தண்ணீர் 2 கிலோ, பை 1.3 கிலோ, மொத்தம் 8.5 கிலோ. 60 கிலோ உடலில் 14.2%. நான் கட்டிப் பார்த்தவரை, மடித்த துணிமணி லிட்டருக்கு 180 கிராம் அளவில் அடங்குகிறது. 5.2 கிலோவுக்கு 29 லிட்டர் ஆகும். 40 லிட்டர் பையில் 11 லிட்டர் மிச்சம். கூடாரம், படுக்கைப்பை, பாய், அடுப்பு, 3 நாள் உணவு எல்லாம் தானே சுமப்பதாக இருந்தால் 5.4 கிலோ கூடி 13.9 கிலோ ஆகும். அது 23.2%. 60 லிட்டர் பை நியாயமாவது அந்த நிலையில்தான். அப்போதே 12 கிலோ வரம்பும் தாண்டிவிடுகிறது.

போய்ச்சேரும் வழியும் ஒரு வரம்பு. ரயிலில் ஸ்லீப்பர் வகுப்புக்கு 40 கிலோ இலவசம் என்பதால் கவலையில்லை. உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்குப் பரவலாக உள்ள அளவு 55 × 35 × 25 செ.மீ., 7 கிலோ. பெருக்கினால் 48.1 லிட்டர். தண்ணீர் நீக்கிய 8.5 கிலோ பை 6.5 கிலோ, 500 கிராம் இடைவெளியில் உள்ளே போய்விடும். ஆனால் 40 லிட்டர் பைகள் பல 55 செ.மீ.க்கு மேல் உயரமானவை. கொள்ளளவு பொருந்தியும் உயரம் பொருந்தாமல் போகலாம்.

விலையை எடுத்துக்காட்டாக மட்டும் வைத்துக்கொள்வோம். ரூ.4,000 விலையில் 18% ஜி.எஸ்.டி. பங்கு ரூ.610. அந்தப் பையை ஆண்டுக்கு ஒரு 6 நாள் பயணத்துக்கு மட்டும் எடுத்து, நாளுக்கு ரூ.100 வாடகைப் பையோடு ஒப்பிட்டால் ஒரு பயண வாடகை ரூ.600. வாங்கியது லாபமாவது 7-ஆவது பயணத்தில், அதாவது 7-ஆவது ஆண்டில். ரூ.1,000 கொடுத்து வாங்கும் 20 லிட்டர் பை பழநி நடையோடு வாரநாள் அலுவலகத்துக்கும் போகும். ஆண்டுக்கு 200 நாள் என்றால் முதல் ஆண்டிலேயே நாளுக்கு ரூ.5. முதல் பை 20 லிட்டர், மலைப் பை வாடகை என்று நான் முடிவெடுத்தது இதனால்தான்.

வாடகைக்கு எடுத்தாலும் அளவு பார்க்க வேண்டும். தலை குனிந்தால் கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கு நேரான கோடு வரை தையல்காரர் டேப்பால் அளக்கவேண்டும். என் அளவு 46 செ.மீ. என்னைவிட 9 செ.மீ. உயரமான நண்பருக்கும் அதே 46. உயரத்தைக் கேட்டுப் பை எடுத்துத் தருகிற கடையில் எங்கள் இருவரில் ஒருவருக்குத் தவறான பைதான் கிடைத்திருக்கும்.

அந்த நண்பரிடம் 40 லிட்டர் பையை இரவல் வாங்கி, 5 கிலோ அரிசியும் பாட்டில்களில் 3 லிட்டர் தண்ணீரும் அடைத்து அழகர்கோவில் சாலையில் நடந்தேன். புறப்படும்போது 9.4 கிலோ. மார்புப் பட்டையின் கொக்கி 6-ஆவது கி.மீ.யில் உரசத் தொடங்கியது, 9-ஆவதில் அதைக் கழற்றிவிட்டேன். பஸ்ஸில் திரும்பி வந்து நிறுத்தபோது 7.2 கிலோ. குறைந்த 2.2 கிலோவும் குடித்த தண்ணீர். அரிசி அப்படியே இருந்தது.