கராஜ் வேலைக்குப் போகலாமா?

2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, நாலைந்து மாதத்தில் திறந்துவிடுவார்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். சொந்தப் பாவனைக் கார்களுக்கு வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாது என்று கைவிரித்தது. 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் 360 ஐத் தொட்டது. பத்து வருடம் ஓடிய காரை வாங்கியதைவிடக் கூடிய விலைக்கு விற்றவர்களும் உண்டு. புதுக் கார் வராத நாட்டில் பழைய கார்தான் ஓடியாக வேண்டும். அதை ஓடவைக்க மெக்கானிக் வேண்டும். பொருளாதாரம் படுத்தால் கராஜ்களுக்கு வேலை கூடும் என்பார்கள். கணக்கு இதுதான்.

ஆனால் அது பாதிக் கணக்கு. 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. பிறகு எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்தபோது கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4. வண்டி ஓடாவிட்டால் ஒயில் மாற்றத் தேவையில்லை, பிரேக் கட்டையும் தேயாது. சேர்விஸ் வேலையை மட்டும் நம்பியிருந்தால் அந்த மாதங்களில் ஈ ஓட்டத்தான் வேண்டும். எல்லாக் கராஜும் ஒன்றல்ல. நல்ல காலத்தில் அல்ரனேற்றர் சார்ஜ் தராவிட்டால் அப்படியே கழற்றிவிட்டு வேறொன்று பூட்டுவார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றின சாமான் மலிவாகக் கிடைத்த காலம் அது. டொலர் ஏறி, சாமான் வரவும் குறைந்த பிறகு அதே அல்ரனேற்றரைப் பிரித்து, தேய்ந்த காபன் பிரஷையும் பெயரிங்கையும் மட்டும் மாற்றுவதுதான் வண்டிக்காரருக்குக் கட்டுப்படியாகும். எங்கே பழுது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கே அந்த வேலை போகும்.

இப்படிச் சமாளிப்பது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காமல் போனபோது, அங்கே மோட்டார் சைக்கிளும் ஏ-40 காரும் மண்ணெண்ணெயில் ஓடின. அதை வெறும் துணிச்சல் என்று நினைக்கிறார்கள். நல்ல விஞ்ஞானம் அது. பெற்றோல் குளிரிலேயே ஆவியாகிக் காற்றோடு கலக்கும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் துளியாகவே கிடக்கும், பற்றாது. ஆகவே காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோல் பீய்ச்சி ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு விட்டார்கள். இன்னொரு சிக்கல், மண்ணெண்ணெயின் ஒக்டேன் குறைவு. அழுத்தம் கூடிய எஞ்சினில் அது நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும். பழைய ஏ-40 இன் அழுத்த விகிதம் குறைவாக இருந்ததால் தாங்கியது. எரியாமல் மிஞ்சிய மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஒயிலை நீர்க்கவைக்கும். அதனால் ஒயிலை அடிக்கடி பார்க்கவும் வேண்டியிருந்தது. புகைக்கும் நாற்றத்துக்கும் பரிகாரம் இருக்கவில்லை, அது வேறு விசயம்.

இறக்குமதித் தடைக் காலத்தின் ஏ-40, ஹைபிரிட் கார். பிரியஸும் அக்குவாவும் இலங்கை வீதிகளில் நிறைய. இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பெரிய பற்றரிக்குள் 28 கட்டைகள் வரிசையாகத் தொடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் 7.2 வோல்ற், மொத்தம் 201.6. அக்குவாவில் 20 கட்டைகள், 144 வோல்ற். வரிசையில் ஒன்று சோர்ந்தாலும் வண்டி முழுதும் சோரும். அப்போது ஸ்கானரைக் கொழுவினால் பி-0-ஏ-80 என்ற குறி வரும். பற்றரி முழுவதையும் மாற்று என்பது அதன் பொருள்.

நல்ல மெக்கானிக் அந்த வார்த்தையை உடனே நம்பமாட்டார். பற்றரியைத் திறந்து மல்ரிமீற்றரால் ஒவ்வொரு கட்டையாக அளப்பார். சும்மா இருக்கும்போது எல்லாமே ஏறத்தாழ ஒரே அளவு காட்டி ஏமாற்றும். எனவே ஒவ்வொன்றிலும் ஹெட்லைற் பல்ப் ஒன்றைக் கொழுவி இரண்டு நிமிடம் எரியவிட்டு, எது கீழே விழுகிறது என்று பார்ப்பார். ஒவ்வொரு கட்டைக்குள்ளும் ஆறு சிறு செல்கள். ஒன்று செத்திருந்தால் மற்றவற்றைவிட 1.2 வோல்ற் அளவு குறைந்து நிற்கும். அந்தக் கட்டையை மாற்றி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குச் சார்ஜ் செய்து பூட்டுவார். பிறகு பின் சீற்றுப் பக்கத்தில் இருக்கும் காற்றுத் துவாரத்தைப் பார்ப்பார். பற்றரியைக் குளிர்விக்கும் விசிறி அந்த வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. தூசியும் மயிரும் அடைத்திருந்தால் பற்றரி வெந்துபோகும். புதுக் கட்டையும் அதே கதிக்கு வரும்.

“தம்பி, இனிப் பிரச்சினை வராதுதானே?” என்று வண்டிக்காரர் கேட்பார். “வரும் ஐயா. மற்றதுகளும் அதே வயசுதானே. ஒரு வருசமோ ரெண்டு வருசமோ இழுக்கலாம்” என்று சொல்பவரிடம் ஆட்கள் திரும்பி வருவார்கள். இதையும் தொழிலில் ஒரு பகுதியாகவே நான் எண்ணுகிறேன்.

சாதாரண தரம் முடித்த பிள்ளை இந்த வேலையைத் தேர்ந்தெடுத்தால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கத் தேவையில்லை, ஆனால் எங்கே பழகுவது என்பதைத் தெரிந்துதான் எடுக்க வேண்டும். மொறட்டுவையில் 'ஜேர்மன் ரெக்' எனப்படும் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது. பயிலுநர் பயிற்சிக்கான அரச நிறுவனமான நைற்றா மூலம் கராஜிலேயே பயிலுநராகச் சேர்ந்து தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். 2022 இல் மாத்திரம் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வெளிநாட்டு வேலைக்குப் பதிவு செய்து போனார்கள். கைத்தொழில் தெரிந்தவர்களும் அதில் அடக்கம். போகிறவருக்கு அந்தச் சான்றிதழ் உதவும். இருக்கிறவருக்கு அவர்கள் விட்டுப்போன இடம் இருக்கிறது.

முதல் ஒன்றிரண்டு வருடம் காசு குறைவு, கழுவலும் துடைப்பும்தான் கூட. அதைப் பொறுக்கலாம். பொறுக்கக்கூடாதது ஒன்று உண்டு, பாதுகாப்பில் அலட்சியம். ஹைபிரிட் பற்றரியில் செம்மஞ்சள் வயர் உயிருக்கு ஆபத்தானது. உயர் வோல்ற்றுக்கான ரப்பர் கையுறை போட்டு, பற்றரி இணைப்பைத் துண்டிக்கும் சேர்விஸ் பிளக்கைக் கழற்றி, பத்து நிமிடம் பொறுத்த பிறகே கைவைக்க வேண்டும். கராஜ் பார்க்கப் போகும்போது அந்தக் கையுறை எங்கே என்று கேளுங்கள். முதலாளி சிரித்தால் வேறு கராஜ் தேடுங்கள்.